உச்சிக்கல் இல்லாத வளைவு

சாகாவரத்தின் விலை எட்டு லட்சம். வரி தனி.

அதை விற்கக் கிளம்பியவர் கடைத்தெரு வணிகர் சங்கத்தின் செயலாளர். பொத்தான், ஊசி, நூல் மொத்த வியாபாரி. பொத்தானுக்குக் காலணா லாபம் வைத்தே மூன்று மாடி எழுப்பிய மனிதர் என்பதால், சாகாவரத்தையும் அவர் சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார் என்று தெருவுக்கே தெரியும். தெருமுனையில் கல்லால் ஒரு வளைவு எழுப்புவது. அதன் உச்சியில் நடுநாயகமாக உட்காரும் கல்லில், அதிகத் தொகை கொடுப்பவரின் பெயரைச் செதுக்குவது. கல் உள்ளவரை பெயர் இருக்கும், கல்லுக்கோ சாவு கிடையாது. இதுதான் சரக்கு. வேண்டியவர்கள் தொகையை எழுதி, காசோலையோடு உறையில் போட்டுப் பெட்டியில் சேர்க்க வேண்டும்.

இரண்டே உறைகள் வந்தன. ஒன்று நகைக்கடைக்காரருடையது, மற்றது இரும்புக்கடைக்காரருடையது. இரண்டிலும் எட்டு லட்சம்.

இருவரும் சம்பந்திகள். நகைக்கடைக்காரர் மகனுக்கு இரும்புக்கடைக்காரர் மகளைக் கொடுத்து நாலு வருடமாகிறது. "உங்கப்பா எவ்வளவும்மா எழுதுவார்?" என்று நகைக்கடைக்காரர் மருமகளிடம் நைசாகக் கேட்டார். "உங்கப்பா எவ்வளவு மாப்பிள்ளை?" என்று இரும்புக்கடைக்காரர் மருமகனிடம் அதைவிட நைசாகக் கேட்டார். இளசுகள் இரண்டும் சேர்ந்து யோசித்து, எவர் ஜெயித்தாலும் தங்கள் வீட்டில்தான் சோறு வேகாது என்று கண்டுகொண்டு, இரு பக்கமும் ஒரே பதிலைச் சொல்லி வைத்தார்கள்: "எட்டு எழுதுங்க மாமா, போதும்."

செயலாளர் இரண்டு காசோலைகளையும் அன்றே வங்கியில் போட்டார். ஒருவருக்குத் திருப்பித் தரத்தான் வேண்டும். ஆனால் வந்த பணத்தைத் திருப்பித் தரும் பழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. வேலை முடியும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

வளைவை வரைந்து கொடுத்தவளுக்குத் தெருவில் வளைவுக்காரி என்று பெயர். எதிர்ச்சந்தில் படக்கடை. படம் போடுவது அவள், விலை பேசுவது தங்கை. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கடையில் விற்பது ஒன்றே ஒன்றுதான்: ஒரு கல் வளைவும் அதன் வழியாகத் தெரியும் தெருவும்.

தெருவை மட்டும் வரைந்தால் யாரும் வாங்குவதில்லை. "இதை ஜன்னலைத் திறந்தாலே பார்க்கலாமே" என்று போய்விடுவார்கள். அதே தெருவை, அதே குப்பைத்தொட்டியோடு, ஒரு வளைவுக்குள் வைத்துக் கொடுத்தால் மூன்று மடங்கு விலைக்குப் போகும். வளைவு கண்ணின் காதைப் பிடித்துத் திருப்பி, "இங்கே பார்" என்கிறது. பழைய ஓவியங்களில் வளைவுக்குக் கீழே ராணிகளும் ஞானிகளும் நிற்பார்கள். அங்கே யார் நின்றாலும் பாதி ஞானியாகிவிடுவார் என்ற ரகசியம் வளைவுக்காரிக்குத் தெரியும். அவள் படங்களில் அங்கே நிற்பவர் பெரும்பாலும் குடை ரிப்பேர்க்காரர்.

வாங்குகிறவர்கள் ஆளுக்கொரு அர்த்தத்தோடு வருவார்கள். புதுமணத் தம்பதிக்கு அது நுழைவாசல். வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவருக்கு அலுவலகத்தார் வாங்கிக் கொடுக்கும்போது வெளிவாசல். தேர்தலில் ஜெயித்தவர் வாங்கினால் வெற்றி வளைவு. தோற்றவர் வாங்கிப்போய் "பின்னால பாருங்க, பாதை இன்னும் இருக்கு" என்று விருந்தாளிகளுக்குக் காட்டினார். ஒரு பல் வைத்தியர் மட்டும் வாங்கிய படத்தை மூன்றே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்தார். காத்திருக்கும் அறையில் மாட்டினாராம். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த நோயாளிகள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்களாம்.

இப்படி விற்றுப்போனவை முந்நூற்றுப் பன்னிரண்டு வளைவுகள். ஒவ்வொன்றையும் எண் போட்டு, அளவு போட்டு, யார் வாங்கினார் என்று நீல அட்டை நோட்டில் எழுதி வைத்திருந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றின் கீழாவது ஒரு ஈ, எறும்பு நடந்ததுண்டா? சுவரில் தொங்கும் வளைவுக்குள் நுழையப்போனால் நெற்றிதான் வீங்கும். சங்கத்திலிருந்து ஆள் வந்து "கல்லிலேயே ஒண்ணு கட்டப் போறோம், வரைஞ்சு குடுங்க" என்று கேட்ட அன்று, அவள் கூலி பேசத் தங்கையைக் கூப்பிடவே மறந்துபோனாள். அவர்கள் சொன்ன தொகைக்கு உடனே சரி என்றாள். அதற்குத் தங்கை இரண்டு நாள் பேசவில்லை. வளைவுக்காரிக்கு அது உறைக்கவே இல்லை. தான் போட்ட வளைவுக்குக் கீழே, கறிகாய்ப் பையோடு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, போன் பேசிக்கொண்டு, மேலே நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஜனங்கள் நடக்கப் போகிறார்கள். அதற்கு அவளே பணம் கொடுத்திருப்பாள்.

கல் வந்தது, மேஸ்திரி வந்தார், இரண்டு மாதத்தில் கல்லெல்லாம் செதுக்கி முடிந்தது. தூண்கள் எழும்பி, நடுவே கற்களைத் தாங்கச் சென்ட்ரிங் பலகை அரைவட்டமாக ஏறியது. அப்போதுதான் ஒரு காலை நேரம், எந்தக் கல்லில் எந்த அளவில் எழுத்து வரும் என்று பார்க்கச் செயலாளர் கல்பட்டறைக்குக் கிளம்பினார். போகிற வழியில் வளைவுக்காரியையும் கூட்டிக்கொண்டார்.

பட்டறையில் கற்கள் இரண்டு வரிசையாகத் தரையில் படுத்திருந்தன. ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக்கட்டியால் எண். மேஸ்திரி ஒரு கல்லின் மேலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்கய்யா நம்ம உச்சிக்கல்லு?" என்றார் செயலாளர்.

"எந்தக் கல்லுங்க?"

"நடுக்கல்லு. உச்சியில உட்கார்றது. எட்டு லட்சம் ரூபாக் கல்லு."

மேஸ்திரி டீயைக் கீழே வைத்தார். "அப்படி ஒண்ணு படத்துல இல்லீங்களே."

"என்னது இல்லையா?"

"இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு. பதினாலு. நட்டநடுவுல கல்லு வரல, ரெண்டு கல்லுக்கும் நடுவுல இருக்கிற இணைப்புதான் வருது. படத்துல எப்படியோ அப்படியே வெட்டினேன்." சட்டைப் பையிலிருந்து மடித்த வரைபடத்தை எடுத்து விரித்தார். "எண்ணிப் பாருங்க."

செயலாளர் எண்ணினார். வளைவுக்காரி எண்ணவில்லை. தன் கை எப்படி வேலை செய்யும் என்பது அவளுக்குத் தெரியும். எண்ணெய்ச் சாயம் சீக்கிரம் காயாது. ஒரு கல்லைப் போட்டுவிட்டு அதை ஒட்டியே அடுத்த கல்லைப் போட்டால் இரண்டு நிறமும் ஒன்றோடொன்று இழுக்கும். அதனால் இடப்பக்கம் கீழே ஒரு கல், அது காய்வதற்குள் வலப்பக்கம் ஒரு கல், மறுபடி இடம், மறுபடி வலம் என்று மாற்றி மாற்றி ஏறிக்கொண்டே போவாள். உச்சியில் இரண்டு பக்கமும் சந்தித்ததும் தூரிகையைக் கழுவிவிடுவாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம். சங்கத்துக்கு வரைந்தது சாயத்தில் அல்ல, பென்சிலில். ஆனால் பென்சில் காய வேண்டியதில்லை என்பது கைக்கு எப்படித் தெரியும்?

"மேஸ்திரி, இது நிக்குமா?" என்று அவள் கேட்டாள்.

"நல்லா நிக்கும்மா. கல்லுக்கு எண்ணவா தெரியும்? சாஞ்சு கிடந்தா போதும் அதுக்கு."

"நிக்கிறது இருக்கட்டும்," என்றார் செயலாளர். அவர் குரல் இறங்கிவிட்டது. கத்தும்போது அவரைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை, குரல் இறங்கினால்தான் வம்பு. "ஒரு கல்லை ரெண்டு பேருக்கு வித்துட்டு எப்படிச் சமாளிக்கிறதுன்னு நான் முழிச்சிட்டிருக்கேன். இப்போ அந்த ஒரு கல்லும் இல்லைங்கிறீங்க. இல்லாத கல்லை ரெண்டு தடவை வித்திருக்கேன். தெருவுல என் மானம் என்னாகும்?"

"நடுவுல ஒண்ணு சேர்த்துட்டா?" என்றாள் வளைவுக்காரி.

"பதினாலுக்குன்னு கோணம் பார்த்துச் செதுக்கினதுங்க," என்றார் மேஸ்திரி. "பதினஞ்சாவதைச் செருகணும்னா பதினாலையும் திரும்பச் செதுக்கணும். செதுக்கினா சின்னதாயிடும். புதுக் கல்லுதான்."

செயலாளர் கைப்பையைத் திறந்து ஒரு வழவழப்பான புத்தகத்தை எடுத்தார். சிமெண்டில் வார்த்து, லாரியில் ஏற்றி, வாசலில் இறக்கிவிட்டுப் போகும் வளைவுகளின் விலைப்பட்டியல். பக்கத்துக்கு ஆறு வளைவு, ஒவ்வொன்றின் உச்சியிலும் மூக்கு நீட்டிக்கொண்டு ஒரு கல். புத்தகம் ஏற்கனவே கைப்பையில் இருந்தது என்பதை வளைவுக்காரி கவனித்துக்கொண்டாள்.

"நாளைக்குச் சாயங்காலம் சங்கக் கூட்டம். அதுல இதைத்தான் வைக்கப் போறேன். பத்து நாள்ல நின்னுடும். உங்க கூலியில பாதி குடுத்தாச்சு, மீதியை மறந்துடுங்க. நானும் உங்க மேல கேஸ் போடறதை மறந்துடறேன்."

"இந்தக் கல்லுங்களை என்ன பண்ணுவீங்க?"

"யாராவது படிக்கட்டுக்குக் கேப்பாங்க."

கடைக்குத் திரும்பியதும் வளைவுக்காரி சுவரில் இருந்த படங்களை எல்லாம் இறக்கிப் பரப்பினாள். தங்கை கல்லாவில் உட்கார்ந்தபடியே வேடிக்கை பார்த்தாள்.

"என்னக்கா, கடையைக் காலி பண்றியா?"

"எண்ணு. ஒவ்வொண்ணுலயும் எத்தனை கல்லு?"

பன்னிரண்டு. பதினாறு. பதினான்கு. பதினான்கு. பத்து. ஒற்றைப்படையில் ஒன்றுகூட இல்லை. நடந்ததை வளைவுக்காரி சொல்லி முடித்ததும் தங்கை கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தால் சிரிப்பு.

"முந்நூத்திப் பன்னிரண்டு பேர் காசு குடுத்து வாங்கிட்டுப் போய் மாட்டியிருக்காங்க, தினமும் பார்க்கறாங்க. ஒருத்தனுக்காவது உச்சியில கல்லு இல்லைன்னு தெரிஞ்சுதா? உனக்கே தெரியலையே."

"சிரிக்காதடி. என் வளைவு படிக்கட்டாகப் போகுது."

"சரி, சிரிக்கல. நாளைக்குப் போய் என்ன சொல்லப் போறே? தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சிடுங்கன்னா?"

"அதானே சொல்லணும்?"

தங்கை கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். வந்தாளென்றால் வியாபாரம் பேசப் போகிறாள் என்று அர்த்தம். "அக்கா, இந்தக் கடையில நான் இருபத்திரண்டு வருஷமா சரக்கு விக்கறேன். வாங்க வந்தவன்கிட்ட முதல்ல மன்னிப்புக் கேட்டு நான் ஒண்ணும் வித்ததில்லை. படத்துல ஒரு கீறல் இருந்தா கீறலை மறைக்க மாட்டேன், அது எப்படி வந்துச்சுன்னு சொல்லுவேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா தலையைக் குனிஞ்சுக்கிட்டும் சொல்ல மாட்டேன். இதுக்கு நடுவுல கல்லு இல்லை. நல்லது. அதுக்குப் பதிலா என்ன இருக்கு?"

வளைவுக்காரி பதினான்கு கல் படம் ஒன்றைக் கையில் எடுத்து உச்சியைப் பார்த்தாள். இடப்பக்கத்துக் கல்லும் வலப்பக்கத்துக் கல்லும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு நின்றன. நடுவே மயிரிழைபோல் ஒரு கோடு. தன் கைதான் போட்டது. இருந்தும் இன்றுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு, "எடையில யார் அதிகம்? நகைக்கடைக்காரரா, இரும்புக்கடைக்காரரா?" என்று கேட்டாள்.

"நகைக்கடைக்காரர்தான். இரும்புக்கடைக்காரர் கம்பிக்குச் சாம்பிள் மாதிரி இருப்பார். எதுக்கு?"

"சும்மா" என்றாள் வளைவுக்காரி. அவள் முகத்தில் வந்திருந்த களையைப் பார்த்துத் தங்கை நிம்மதியாகக் கல்லாவுக்குத் திரும்பினாள்.

சங்கக் கூட்டம் பொத்தான் கடையின் மூன்றாவது மாடியில். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு நீள மேசை, சுவரோரம் கூரைவரை அடுக்கிய பொத்தான் பெட்டிகள். முப்பது கடைக்காரர்கள் வந்திருந்தார்கள். சம்பந்திகள் இருவரும் மேசையின் இரு முனைகளில், முகத்தைப் பார்க்காமல் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி வாசலோரம் நின்றார்.

செயலாளர் விலைப்பட்டியலை விரிப்பதற்குள் வளைவுக்காரி எழுந்துவிட்டாள்.

"நான் வரைஞ்ச வளைவுல உச்சிக்கல்லு இல்லை," என்றாள். "அதை முதல்ல சொல்லிடறேன். அது என் கைப்பழக்கம். முந்நூத்திப் பன்னிரண்டு வளைவு அப்படித்தான் போட்டிருக்கேன்."

முணுமுணுப்பு கிளம்பியது. சம்பந்திகள் அன்றைக்கு முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ எங்க எட்டு லட்சம்?" என்றார் நகைக்கடைக்காரர்.

"எங்க எட்டு லட்சமும்தான்" என்றார் இரும்புக்கடைக்காரர்.

"பணம் பத்திரமா இருக்கு" என்றார் செயலாளர், நெஞ்சில் கைவைத்து.

"ஒரு நிமிஷம் ரெண்டு பேரும் இப்படி வாங்க," என்றாள் வளைவுக்காரி. "செருப்பைப் போட்டுட்டே வாங்க. வழுக்கக் கூடாது."

சம்பந்திகளை எதிரெதிராக நான்கடி தள்ளி நிறுத்தினாள். உள்ளங்கையோடு உள்ளங்கை வைக்கச் சொன்னாள். பிறகு ஆளுக்கு ஓரடி பின்னால் போய், காலை எடுக்காமல் முன்னால் சாயச் சொன்னாள். முப்பது கடைக்காரர்களும் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். டிக்கெட் வைத்திருந்தால் செயலாளர் நல்ல லாபம் பார்த்திருப்பார்.

"சம்பந்தி, விட்டுடாதீங்க" என்றார் நகைக்கடைக்காரர். தொந்தி காற்றில் தொங்கியது.

"நான் விட்டா நான்தானே முதல்ல விழுவேன்" என்றார் இரும்புக்கடைக்காரர். மெலிந்த மனிதர், கொஞ்சம் அதிகமாகவே சாய வேண்டியிருந்தது.

"இப்போ யாரு யாரைத் தாங்குறீங்க?" என்று கேட்டாள் வளைவுக்காரி.

இருவரும் யோசித்தார்கள். மூச்சு வாங்கியது.

"இதான் வளைவு. கல்லு ஒவ்வொண்ணும் விழத்தான் பார்க்குது. ஒண்ணு மேல ஒண்ணு விழுறதாலதான் ரெண்டும் நிக்குது. ராஜா கட்டின வளைவுன்னா உச்சியில ஒரே கல்லு இருக்கும், அதுல ராஜா தலை இருக்கும். அவர் ஊருக்கு ஒருத்தர், அதுக்கு அது சரி. கடைத்தெருவுக்கு எதுக்கு ஒத்தைத் தலை? இங்க எது நடந்தாலும் ரெண்டு பேர் வேணும், வாங்கறவர் ஒருத்தர், விக்கறவர் ஒருத்தர். அவர் நூறுங்கறார், இவர் அறுபதுங்கறார். அவர் இறங்கறார், இவர் ஏறறார். எங்கயோ நடுவுல ரெண்டு பேரும் முட்டி நிக்கறீங்க இல்லையா, அந்தக் கோடுதான் விலை. நம்ம வளைவோட உச்சியில இருக்கறதும் அந்தக் கோடுதான். இந்தத் தெருவுக்கு இதைவிடப் பொருத்தமா ஒரு வளைவை அந்தப் புத்தகத்துல காட்டுங்க, நான் போயிடறேன்."

யாரும் விலைப்பட்டியலைப் பார்க்கவில்லை. துணிக்கடைக்காரர் ஒருவர் மட்டும் "அட" என்றார். அந்தத் தெருவில் "அட" என்பதற்குப் பாதி விலை படிந்துவிட்டது என்று பொருள்.

"நாங்க நிமிரலாமா?" என்றார் நகைக்கடைக்காரர்.

இரண்டு பேர் பிடித்து நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் நகைக்கடைக்காரருக்கு வியாபாரப் புத்தி திரும்பியது. "அப்போ உச்சியில ரெண்டு கல்லு. ஆளுக்கு ஒண்ணு. பாதி இடத்துக்கு முழு விலையா? நாலு நாலா குடுத்துடறோம்."

வளைவுக்காரி இதற்கு ஆயத்தமாக இல்லை. ஆனால் பின்வரிசையிலிருந்து அவள் தங்கை எழுந்தாள்.

"தாராளமா குறைச்சுக்கங்க, அண்ணா. உங்க சம்பந்தியும் குறைச்சுக்குவாரான்னு மட்டும் கேட்டுக்கங்க. அவர் எட்டே குடுத்தாருன்னு வைங்க, அப்புறம் வளைவுக்குக் கீழ போறவன் எல்லாம் நிமிர்ந்து பார்த்து, இது எட்டு லட்சத்துக் கல்லு, இது நாலு லட்சத்துக் கல்லுன்னு பிள்ளைங்களுக்குக் காட்டிட்டுப் போவான்."

இரும்புக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "நான் எட்டுல இருந்து இறங்கறதா இல்லை."

"நானும் சும்மா கேட்டுப் பார்த்தேன்" என்றார் நகைக்கடைக்காரர்.

இதற்குள் செயலாளரின் உதடுகள் சத்தமில்லாமல் அசைய ஆரம்பித்திருந்தன. எட்டும் எட்டும் பதினாறு. திருப்பித் தர வேண்டியது ஒன்றுமில்லை. அவர் விலைப்பட்டியலை மூடி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "நான் ஆரம்பத்துலயே சொன்னேன், இந்த அம்மா வரைஞ்சா ஒரு அர்த்தம் இருக்கும்னு" என்றார்.

"வலப்பக்கக் கல்லு யாருக்கு?" என்றார் இரும்புக்கடைக்காரர்.

"தெருவுக்குள்ள வரும்போது வலப்பக்கம் உங்களுது," என்றாள் வளைவுக்காரி. "வெளிய போகும்போது அவரோடது. ரெண்டு முகத்துலயும் பேரு. வளைவுக்கு உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எதுன்னு இதுவரைக்கும் எவனும் தீர்த்துச் சொன்னதில்லை, நாமளும் சொல்ல வேண்டாம்."

"எந்தக் கல்லு கடைசியா ஏறும்?" என்றார் நகைக்கடைக்காரர். அவரும் சும்மா கடை நடத்தி வந்தவரில்லை. "கடைசியா வைக்கற கல்லுதானே வளைவை மூடும்? அதுதானே உச்சிக்கல்லு?"

ஒரு வாக்கியத்தில் எல்லாம் கலைந்துவிடும் போலிருந்தது. வளைவுக்காரி வாசலோரம் நின்ற மேஸ்திரியைப் பார்த்தாள்.

மேஸ்திரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "ரெண்டையும் கீழயே சேர்த்துக் கட்டி, ஒரே சங்கிலியில தூக்கி, ஒண்ணா இறக்கிடுவேங்க. சம்பந்திங்க கல்யாணப் போட்டோவுக்கு நிக்கற மாதிரி. எது முன்னாடி, எது பின்னாடின்னு அந்தக் கல்லுங்களுக்கே தெரியாது."

நகைக்கடைக்காரர் தலையசைத்தார். இரும்புக்கடைக்காரர் தலையசைத்தார். அந்தத் தெருவில் தலையசைத்தால் ரசீது தேவையில்லை.

கூட்டம் கலையும்போது வளைவுக்காரி செயலாளரிடம் மெதுவாகக் கேட்டாள்: "வரைஞ்சவ பேரை எங்கயாவது ஒரு ஓரத்துல போடலாமா?"

"போடலாமே," என்றார் செயலாளர். "ஓரக்கல்லு ஒண்ணரை லட்சம். உங்களுக்காக ஒண்ணே கால்."

கற்கள் ஏற வேண்டிய வாரம் அவள் தினமும் பட்டறைக்குப் போனாள். கடைசி இரண்டு கற்கள் மட்டும் தரையில் மிச்சமிருந்த அன்று, மேஸ்திரி அவற்றைச் சேர்த்துக் கட்டுவதற்குச் சங்கிலியை எடுத்தார்.

"மேஸ்திரி, இந்த ரெண்டும் முட்டற முகம் இருக்கே, அது வெளிய தெரியுமா?"

"எப்படித் தெரியும்? சாந்து பூசி ஒட்டினதும் காத்துகூட உள்ள போகாது."

"அங்க ஒரு பேரு செதுக்கணும். என் பேரு."

மேஸ்திரி அவளைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். "யாரும் பார்க்க மாட்டாங்களேம்மா."

"உச்சிக்கல்லு இல்லைன்னும்தான் இருபத்திரண்டு வருஷமா யாரும் பார்க்கல. அது பாட்டுக்கு இருந்துச்சு இல்லையா?"

அவர் சிரித்துவிட்டு உளியை எடுத்தார். "சும்மா கேக்கறேன், நடுவுல கல்லு வேண்டாம்னு தெரிஞ்சேதான் வரைஞ்சீங்களா?"

"இல்ல மேஸ்திரி. ஈரம் காயணுமேன்னு வரைஞ்சது."

"அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்." எழுத்து எழுத்தாகக் கல்லில் இறங்கியது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஊது ஊதித் தூசியைத் தள்ளினார். கூலி என்ன என்று கேட்டபோது பணம் வேண்டாம் என்றுவிட்டார். "வீட்டுல கூடத்துச் சுவர் மொட்டையா இருக்கு. ஒரு படம் குடுங்க. கல்லை எண்ண மாட்டேன், பயப்படாதீங்க."

சாந்து இறுகப் பதினெட்டு நாள் விட்டார்கள். சென்ட்ரிங் பலகையை எடுத்த காலையில் கடைத்தெருவே கூடியது. மேஸ்திரி ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார். பலகை ஒரு விரற்கடை இறங்கியது, கல் இறங்கவில்லை. பலகை முழுவதும் கீழே வந்ததும், அதுவரை பலகை அடைத்துக்கொண்டிருந்த அரைவட்டத்தில் சட்டென்று வானமும் எதிர்ச்சந்தும் படக்கடையும் தெரிந்தன. கடை வாசலில், கல்லாவை விட்டு வந்து நின்றிருந்த தங்கையும் தெரிந்தாள். நல்ல வண்ணக் கலவை, அந்த நீலம்கூடச் சரியாக இருக்கிறது என்று வளைவுக்காரி நினைத்தாள்.

சம்பந்திகள் முதலில் கைகோத்து நடப்பதாக ஏற்பாடு. யாருடைய கை மேலே என்று அவர்கள் பேசி முடிப்பதற்குள், சாமான் பையோடு அவசரமாக வந்த ஒரு பெண், "கொஞ்சம் வழி விடுங்க" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, வளைவுக்குக் கீழே நடந்து உள்ளே போய்விட்டாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. செயலாளர் பல்லைக் கடித்தார். வளைவுக்காரி அந்தப் பெண்ணின் முதுகு கூட்டத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கடையில் உட்கார்ந்து நீல அட்டை நோட்டைத் திறந்தாள்.

எண்: 313. அளவு: தெரு அகலம். கல்: பதினான்கு. வெளியே தெரியும் பெயர்: இரண்டு. தெரியாத பெயர்: ஒன்று. வாங்கியவர்: சங்கம். கூலியில் மீதிப் பாதி: தங்கை போய் நின்று வாங்கி வந்துவிட்டாள், கணக்கு நேர். கீழே நடந்தவர்கள்: கடை மூடும்வரை எண்ணியதில் ஆயிரத்து நாற்பத்தொன்று. அவர்களில் நிமிர்ந்து பார்த்தவர்கள்: பதினேழு. பாக்கி: மேஸ்திரி கூடத்துக்கு ஒரு படம்.